புதிதாக வாங்கிய பழைய கார் புகைச் சோதனையில் தேறாவிட்டால்: தாளிலிருந்து தொடங்குங்கள்

பயன்படுத்திய கார் ஒன்றை வாங்கிச் சில வாரங்களே ஆன நிலையில் அது புகைச் சோதனையில் தேறவில்லை என்ற தாள் கைக்கு வந்தால், பலரும் அன்றே ஒரு பட்டறைக்குப் போய், அங்கே முதலில் சொல்லப்படும் பாகத்தை மாற்றச் சம்மதித்துவிடுகிறார்கள். பெட்ரோல் காராக இருந்தால் அந்தப் பாகம் பெரும்பாலும், புகையிலுள்ள நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றும் கேட்டலிடிக் கன்வெர்டராகவே இருக்கிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலைமதிப்புள்ள உலோகங்கள் பூசப்பட்ட பாகம் என்பதால் அதன் விலையும் அதிகம். கன்வெர்டர் உண்மையிலேயே செயலிழந்திருக்கக்கூடும். ஆனால் அது தானாகக் கெடுவது அரிது. பற்றாமல் தப்பும் தீப்பொறி, எரிந்து வரும் என்ஜின் ஆயில், கசியும் கூலன்ட், மிகையாகப் பாயும் பெட்ரோல் என்று ஏதோ ஒன்று அதைக் கெடுத்திருக்கும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதியதைப் பொருத்தினால் புதியதும் சில மாதங்களில் பழையதன் நிலைக்கு வந்துவிடும். எனவே முதலில் தாளைப் படிக்க வேண்டும், பிறகு என்ஜினைப் பார்க்க வேண்டும், கன்வெர்டரின் முறை கடைசியில்தான் வர வேண்டும் என்பதே இங்கே சொல்லப்போகும் வரிசை.

முதல் நாளில் எதையும் அழிக்காதீர்கள்

சொந்தமாகப் பத்து ஆண்டுகள் ஓட்டிய காரில் எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது என்பது உரிமையாளருக்குத் தெரியும். புதிதாக வாங்கிய பழைய காரில் அந்த நினைவு காரின் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கிறது. ஆகையால் பழுதுக் குறியீடுகளை அழிக்கக் கூடாது, பேட்டரி இணைப்பைக் கழற்றக் கூடாது, 'ஒருமுறை ரீசெட் செய்து பார்ப்போம்' என்று சொல்பவரிடம் காரை ஒப்படைக்கவும் கூடாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு ஊசித் துளைகள் கொண்ட சாக்கெட்டில் சாதாரண ஸ்கேனர் ஒன்றைச் செருகி, பதிவாகியிருக்கும் குறியீடுகள், உறுதியாகாமல் காத்திருக்கும் குறியீடுகள், பழுது பதிவான தருணத்தில் இருந்த வேகம், வெப்பநிலை முதலிய விவரங்கள் ஆகிய மூன்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சாக்கெட்டும் பொதுவான குறியீட்டு முறையும் அமெரிக்காவில் 1996 மாடல் கார்கள் முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமாக்கப்பட்டவை. அதற்குப் பின் வந்த பெரும்பாலான கார்களில், அவை எங்கே ஓடினாலும், இதே வசதியை எதிர்பார்க்கலாம்.

ஸ்கேனரில் பலர் திறந்தே பார்க்காத ஒரு வரி உண்டு. குறியீடுகள் கடைசியாக அழிக்கப்பட்ட பிறகு கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எத்தனை முறை குளிர்ந்து மீண்டும் சூடாகியிருக்கிறது என்பதைப் பல கார்கள் கணக்கு வைத்திருக்கின்றன. நீங்கள் வாங்கிய பிறகு 300 கிலோமீட்டர் ஓட்டியிருக்க, அந்த எண்ணும் ஏறக்குறைய 310 என்று காட்டினால், விற்பனைக்குச் சற்று முன்புதான் யாரோ நினைவகத்தைத் துடைத்திருக்கிறார்கள் என்று பொருள். பழுதுபார்த்த பிறகு முறையாகவும் குறியீட்டை அழிப்பார்கள் என்பதால் இதை மட்டும் வைத்து மோசடி என்று முடிவு கட்ட முடியாது. ஆனாலும் விற்றவரிடம் 'அப்போது என்ன குறியீடு இருந்தது, என்ன வேலை செய்யப்பட்டது, அதற்கு ரசீது உண்டா' என்று கேட்பதற்கு இது போதுமான காரணம். நீங்களே அவசரப்பட்டு அழித்துவிட்டால் இந்த எண் சுழியத்துக்குப் போய்விடும், கேட்கும் வாய்ப்பும் அதோடு போய்விடும்.

சாவியை ஸ்டார்ட்டுக்கு முந்தைய 'ஆன்' நிலைக்குத் திருப்பும்போது செக் என்ஜின் விளக்கு எரிகிறதா என்பதையும் அன்றே பாருங்கள். என்ஜின் ஓடாத நிலையில் அது எரிய வேண்டும், ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கு பழுதாகியிருக்கும், அல்லது எரிவதை யாரோ மறைத்திருப்பார்கள். சோதனையில் கணினியையும் பார்க்கும் இடங்களில் இதுவே தேறாமல் போவதற்குப் போதுமானது.

விற்றவரிடம் எழுத்தில் தெரிவியுங்கள்

விற்றவருக்குச் சொல்வதை, பழுதுபார்த்து முடித்த பிறகு செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பிரித்து மாற்றிய பின் 'நான் கொடுத்தபோது நன்றாகத்தான் இருந்தது' என்று அவர் சொன்னால் மறுத்துச் சொல்ல உங்களிடம் எதுவும் இருக்காது. தேறாத தாளின் நகல், ஸ்கேனர் படங்கள், வாங்கிய நாளிலும் சோதனை நாளிலும் ஓடோமீட்டர் காட்டிய எண்கள் ஆகியவற்றை இணைத்து, குற்றச்சாட்டுத் தொனி இல்லாமல், நடந்ததை மட்டும் எழுதி அனுப்புங்கள். விற்பனை ஒப்பந்தத்தில் சோதனைச் சான்று பற்றி என்ன எழுதியிருக்கிறது, உத்தரவாதக் காலம் ஏதேனும் உண்டா, அந்த உத்தரவாதம் எந்தப் பட்டறையில் வேலை செய்ய அனுமதிக்கிறது என்பவற்றையும் முதல் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் படித்துவிட வேண்டும். சட்டம் இடத்துக்கு இடம் மாறும். விற்பவரே சான்று தர வேண்டும் என்ற விதி உள்ள இடங்களும் உண்டு, இருக்கும் நிலையிலேயே வாங்கிக்கொண்டதாகக் கருதும் இடங்களும் உண்டு. எங்கே இருந்தாலும் தேதியிட்ட கடிதம் ஒன்று உங்கள் பக்கம் இருப்பது நல்லது.

எண்கள் என்ன சொல்கின்றன

வெறும் 'தேறவில்லை' என்ற சொல்லோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். வாயு அளவுகள் அச்சான முழுத் தாளையும் கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் காருக்கு அதில் கார்பன் மோனாக்சைடு சதவீதமாகவும், ஹைட்ரோகார்பன், அதாவது எரியாமல் வெளியேறும் பெட்ரோல், பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்றும் இருக்கும். பல தாள்களில் கார்பன் டை ஆக்சைடு, ஆக்சிஜன், லாம்டா ஆகியவையும் இருக்கும். கன்வெர்டர் உள்ள கார்களுக்குப் பல நாடுகளில் வைத்திருக்கும் வரம்பு, என்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2500 சுற்று ஓடும்போது கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பங்கு, லாம்டா 0.97 முதல் 1.03 வரை என்ற அளவை ஒட்டியே இருக்கிறது. உங்கள் காருக்கு உரிய வரம்பு தாளிலேயே அச்சாகியிருக்கும், அதுவே இறுதியானது. நல்ல நிலையில் உள்ள கார் இந்த வரம்பை ஒட்டி நிற்பதில்லை, வெகு கீழே இருக்கும். கார்பன் மோனாக்சைடு 0.05-க்கும் குறைவாகவும், ஹைட்ரோகார்பன் சில பத்துகளுக்குள்ளும், கார்பன் டை ஆக்சைடு 14, 15 சதவீதமாகவும் இருப்பதே ஆரோக்கியமான என்ஜினின் அடையாளம்.

இந்த எண்களில் லாம்டாவைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒரு பங்கு பெட்ரோல் மிச்சமின்றி எரிய எடையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று தேவை. அந்த விகிதம் சரியாக இருந்தால் லாம்டா 1.00 ஆகும். ஒன்றுக்குக் கீழே போனால் பெட்ரோல் மிகை, மேலே போனால் காற்று மிகை. 1976-இல் வோல்வோ கார்களில் பாஷ் நிறுவனத்தின் லாம்டா சென்சார் (ஆக்சிஜன் சென்சார் என்பதும் இதுவே) முதன்முதலாகப் பொருத்தப்பட்டதிலிருந்து, பெட்ரோல் கார்களின் புகைக் கட்டுப்பாடு முழுவதும் இந்த ஒரு விகிதத்தைப் பிடித்து நிறுத்துவதைச் சுற்றியே அமைந்திருக்கிறது. சோதனைக் கருவி லாம்டாவைத் தனியாக அளப்பதில்லை. வெளியே வரும் எல்லா வாயுக்களையும் கூட்டிக் கணக்கிட்டே அதைச் சொல்கிறது. கன்வெர்டர் வாயுக்களின் வடிவத்தை மாற்றுமே தவிர, உள்ளே போன பெட்ரோலின் அளவையோ காற்றின் அளவையோ மாற்றாது. அதனால் கன்வெர்டர் உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும் லாம்டா ஏறக்குறைய அதேதான் வரும். தாளில் லாம்டா 0.94 என்று இருந்தால் சிக்கல் கன்வெர்டருக்கு முன்பே, கலவையிலேயே இருக்கிறது என்பதை வேறு எந்தக் கருவியும் இல்லாமல் சொல்லிவிடலாம். இதை அறிந்திருப்பதாலேயே பலருடைய பணம் மிஞ்சியிருக்கும்.

லாம்டா ஒன்றுக்கு அருகில் இருந்தும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் கூடுதலாக இருந்தால் இரண்டு வாய்ப்புகள் உள்ளன. ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறினால் அதோடு எரியாத ஆக்சிஜனும் சேர்ந்தே வெளியேறும், அதனால் கணக்கு ஏறக்குறைய சமமாகவே நிற்கும். அப்போது ஹைட்ரோகார்பன் பல நூறுகளுக்கு ஏறும், ஆக்சிஜன் அளவு உயரும், கார்பன் டை ஆக்சைடு இறங்கும், ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் ஓடும் ஐடிலிங்கில் என்ஜினும் லேசாகக் குலுங்கும். குலுக்கல் இல்லை, ஆக்சிஜன் அளவு மிக உயரவில்லை, ஆனாலும் இரண்டும் வரம்பைத் தாண்டுகின்றன என்றால்தான் கன்வெர்டர் மீதான சந்தேகம் வலுக்கிறது.

லாம்டா 1.03-ஐத் தாண்டி, மற்ற எல்லாம் நன்றாக இருந்தால், பெரும்பாலும் அது சைலென்சர் குழாயில் உள்ள ஓட்டை. இணைப்பு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டுச் சோதனைக் குழாய்க்குப் போகிறது. துருப்பிடித்த இணைப்பையோ கிழிந்த கேஸ்கெட்டையோ மாற்றினால் முடிந்துவிடும். நைட்ரஜன் ஆக்சைடுகளையும் அளக்கும் சோதனையில் அது மட்டும் கூடுதலாக இருந்தால், பெரும்பாலும் எரியறை மிகையாகச் சூடாகிறது என்று பொருள். புகையின் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்பும் இஜிஆர் வால்வில் அடைப்பு, குளிர்விப்பு அமைப்பில் குறை, காற்று மிகையான கலவை என்ற வரிசையில் பாருங்கள்.

ஒரு சிறு சென்சார்

என் குடும்பத்துக்காக வாங்கிய பழைய பெட்ரோல் கார் ஒன்று மூன்றாவது வாரத்தில் சோதனைக்குப் போனது. தாளில் கார்பன் மோனாக்சைடு 1.4, லாம்டா 0.95 என்று இருந்தது. நாங்கள் காட்டிய பட்டறையில் கன்வெர்டர் போய்விட்டது என்று அதே இடத்தில் சொல்லிவிட்டார்கள். லாம்டா எண் என்னை உறுத்திக்கொண்டே இருந்ததால், இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, என்ஜினை அணைக்காமல் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தேன். ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டால் ஒரு நொடிகூடக் கை வைக்க முடியாத சூடு. டேஷ்போர்டில் வெப்பநிலை முள்ளும் வழக்கமான நடு இடத்தில்தான் நின்றது. ஆனால் கம்ப்யூட்டருக்குக் கிடைத்துக்கொண்டிருந்த கூலன்ட் வெப்பநிலை 38 டிகிரி. அந்தக் காரில் முள்ளுக்கு ஒரு சென்சார், கம்ப்யூட்டருக்கு வேறொரு சென்சார். இரண்டாவது பழுதாகி, என்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. குளிர்ந்த என்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் தர வேண்டும் என்பதே கம்ப்யூட்டருக்குக் கற்பிக்கப்பட்ட விதி என்பதால் அது கொடுத்துக்கொண்டே இருந்தது. சொல்லப்பட்ட வெப்பநிலை நம்பக்கூடிய எல்லைக்குள் இருந்ததால் எந்தக் குறியீடும் பதிவாகவில்லை. கட்டைவிரல் நீளமுள்ள அந்தச் சென்சாரை மாற்றி, கழற்றும்போது வழிந்த கூலன்ட்டை நிரப்பி, மறுபடி சோதனைக்குப் போனபோது லாம்டா 1.00, கார்பன் மோனாக்சைடு 0.06. பழைய கன்வெர்டர் இன்றும் அதே காரில்தான் இருக்கிறது.

என்ஜினைப் பார்க்கும் ஒழுங்கு

எந்த எண் கெட்டிருந்தாலும் தொடக்கம் எளிய பொருட்களிலிருந்தே இருக்க வேண்டும். ஏர் ஃபில்டரை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். என்ஜின் ஆயில் அளவுக்கம்பியை உருவி முகர்ந்து பாருங்கள். விற்பனைக்காக மாதக் கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டு, அவ்வப்போது ஸ்டார்ட் செய்து சில மீட்டர் மட்டும் நகர்த்தப்பட்ட கார்களில், சூடாகாத என்ஜினிலிருந்து எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கித் தங்கிவிடுகிறது. சூடானதும் அது ஆவியாகிக் காற்றோட்டக் குழாய் வழியாக எரியறைக்கே திரும்பி, கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் ஏற்றிவிடும். கம்பியில் பெட்ரோல் நெடி அடித்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, தொட்டியில் தேங்கிய பழைய பெட்ரோலை ஓட்டித் தீர்த்துப் புதியதை நிரப்பி, அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் நிலையான வேகத்தில் ஓட்டிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். புதிதாக வாங்கிய காருக்கு எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான் இது. வரம்பைச் சிறிதளவே தாண்டிய கார்கள் இதோடு தேறிவிடுவதும் உண்டு.

அடுத்து ஸ்பார்க் பிளக்குகள். அவற்றைக் கழற்றி, எந்தச் சிலிண்டரிலிருந்து எடுத்தோமோ அந்த வரிசையிலேயே ஒரு துணியின் மீது வைத்து, நல்ல வெளிச்சத்தில் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். பீங்கான் முனை வெளிர்ப் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் நலம். உலர்ந்த கரிப்பொடி போர்த்தியது போல் கறுத்திருந்தால் பெட்ரோல் மிகை, ஈரப்பசையோடு மினுமினுத்தால் ஆயில் மேலே ஏறுகிறது, சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டரில் சூடு மிகை. நான்கில் மூன்று ஒரே நிறமாகவும் ஒன்று மட்டும் வேறாகவும் இருந்தால் தேட வேண்டிய இடம் ஒரு சிலிண்டராகச் சுருங்கிவிடுகிறது. சந்தேகமான சிலிண்டரின் இக்னிஷன் காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பொருத்தி ஓட்டிப் பாருங்கள். எரிபொருள் பற்றாத குறியீடு பி0301-லிருந்து பி0302-க்கு இடம் பெயர்ந்தால், கெட்டது காயில்தான் என்பது ஒரு பைசாச் செலவில்லாமல் தெரிந்துவிடும். செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டுக் கண் சிமிட்டினால் காரைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்டருக்குள் போய் அங்கே எரிந்து, உள்ளிருக்கும், உலோகம் பூசப்பட்ட தேன்கூடு வடிவ அடுக்கை உருக்கிவிடும் நிலை அது.

கலவைச் சிக்கலுக்கு, கம்ப்யூட்டர் தானாகச் செய்துகொள்ளும் எரிபொருள் திருத்தச் சதவீதமே சிறந்த வழிகாட்டி. கூட்டல் எண் என்றால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுகிறது, கழித்தல் எண் என்றால் குறைக்கிறது. ஸ்கேனரில் இது குறுகிய காலத் திருத்தம், நீண்ட காலத் திருத்தம் என இரண்டாக இருக்கும். இரண்டையும் கூட்டினால் பத்துக்குள், கூட்டல் பக்கமோ கழித்தல் பக்கமோ, இருக்க வேண்டும். ஐடிலிங்கில் கூட்டல் 20 என்று இருந்து, 2500 சுற்றுக்கு உயர்த்தியதும் 5-க்கு இறங்கினால், என்ஜினுக்குள் அளவிடப்படாத காற்று எங்கோ கசிந்து புகுகிறது. வெடித்த ரப்பர் குழாய், இன்டேக் கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் குழாய் ஆகியவற்றைக் காது கொடுத்துக் கேட்டு, கையால் தடவித் தேடுங்கள். பட்டறையில் புகை செலுத்தும் கருவி இருந்தால் ஐந்து நிமிட வேலை. மாறாக, வேகம் கூடக்கூடக் கூட்டல் எண்ணும் உயர்ந்தால் பெட்ரோல் வரத்து போதவில்லை, அல்லது காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்குப் படிந்திருக்கிறது. அந்தச் சென்சாருக்கென்றே விற்கும் தெளிப்பானால் மட்டுமே அதைச் சுத்தம் செய்ய வேண்டும், துணியோ பஞ்சோ அதன் இழையில் படக் கூடாது.

கழித்தல் எண் பெரிதாக இருந்தால் பெட்ரோல் எங்கிருந்தோ மிகையாக வருகிறது. இன்ஜெக்டர் சொட்டுவது, எரிபொருள் அழுத்தம் கூடியிருப்பது, தொட்டியின் ஆவியை உள்ளே விடும் வால்வு மூடாமல் நிற்பது ஆகியவை வழக்கமான காரணங்கள். ஆவி வால்வின் குழாயை விரல்களால் அழுத்திப் பிடித்ததும் கழித்தல் எண் சுழியத்தை நோக்கி நகர்ந்தால் குற்றவாளி அதுவே. திருத்தங்கள் சுழியத்திலேயே அசையாமல் நின்று, என்ஜின் சூடான பிறகும் கம்ப்யூட்டர் திறந்த சுழற்சியில், அதாவது ஆக்சிஜன் சென்சாரின் பேச்சைக் கேட்காத நிலையில், இருப்பதாகக் காட்டினால், கூலன்ட் வெப்பநிலை, ரேடியேட்டருக்குக் கூலன்ட் போவதைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட், கன்வெர்டருக்கு முன்னால் இருக்கும் முன்பக்க ஆக்சிஜன் சென்சார் மூன்றையும் பாருங்கள். பெரும்பாலான என்ஜின்கள் சூடான பிறகு 80 முதல் 100 டிகிரிக்குள் நிற்க வேண்டும். 60-ஐத் தாண்ட மறுத்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கிறது.

ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் உள்ள குழாயில் சிறு ஓட்டை இருந்தாலும் கம்ப்யூட்டர் ஏமாந்துபோகும். ஓட்டை வழியாகப் புகும் காற்றைச் சென்சார் மோப்பம் பிடித்து 'பெட்ரோல் போதவில்லை' என்று சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கத்திலிருந்து 'டிக் டிக்' என்ற சத்தம் கேட்டு, சூடானதும் அடங்கினால், இந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கன்வெர்டரின் முறை

மேலே சொன்ன எல்லாம் சரியாகி, லாம்டா ஒன்றில் நின்று, எரிபொருள் திருத்தமும் ஒழுங்காகி, ஆனாலும் வாயுக்கள் இறங்கவில்லை என்றால் இப்போது கன்வெர்டரைப் பாருங்கள். பி0420 என்ற குறியீடு அதன் செயல்திறன் குறைந்துவிட்டதாகச் சொல்கிறதே தவிர, ஏன் குறைந்தது என்று சொல்வதில்லை. பின்பக்க ஆக்சிஜன் சென்சாரின் மின்னழுத்தத்தை ஸ்கேனரில் வரைபடமாக ஓடவிடுங்கள். பழைய வகை முன்பக்கச் சென்சார் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விரைந்து மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். பின்பக்கம் 0.6, 0.7 வோல்ட்டில் அமைதியாக இருந்தால் கன்வெர்டர் ஆக்சிஜனைத் தேக்கி வேலை செய்கிறது. அதுவும் முன்பக்கத்தைப் போலவே ஆடினால் கன்வெர்டருக்குள் நடப்பது எதுவுமில்லை. குளிர்ந்த நிலையில் அதை ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் உள்ளே கற்கள் உருள்வது போல் சத்தம் கேட்பது, உடைந்த தேன்கூட்டின் அறிகுறி.

வாங்கிய காரில் கூடுதலாகப் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. பின்பக்க ஆக்சிஜன் சென்சார் நேரடியாகக் குழாயில் திருகப்பட்டிருக்கிறதா, அல்லது இடையில் விரல் நீளத்துக்கு ஓர் இரும்பு இணைப்பு செருகப்பட்டிருக்கிறதா என்று காருக்கு அடியில் விளக்கடித்துப் பாருங்கள். அந்த இணைப்பு சென்சாரைப் புகையின் ஓட்டத்திலிருந்து தள்ளிவைத்து, பி0420 வராமல் மறைப்பதற்காகவே பொருத்தப்படுவது. கன்வெர்டரின் உறையில் தொழிற்சாலைத் தையல் அல்லாத வேறு வெல்டிங் தடம் இருந்தால் உள்ளே இருந்ததை வெட்டியெடுத்து மூடியிருக்கக்கூடும். இந்த இரண்டும் விற்றவரிடம் மறைப்பை நிரூபிக்கக்கூடிய வலுவான சான்றுகள். கழற்றுவதற்கு முன் படமெடுத்து, முடிந்தால் பட்டறையின் கையெழுத்தோடு ஓர் அறிக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாற்றியே தீர வேண்டும் என்றால், உங்கள் என்ஜின் வகைக்கும் மாசு விதிமுறைக்கும் பொருந்துகிறது என்று சான்று பெற்ற கன்வெர்டரையே வாங்குங்கள். உலோகப் பூச்சு குறைவான மலிவுப் பொருள் முதல் சோதனையில் தேறி, அடுத்ததில் மறுபடி தோற்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தொட்டியில் ஊற்றும் புட்டி மருந்துகள் அழுக்கான இன்ஜெக்டர்களை ஓரளவு சுத்தம் செய்யும், உருகிய தேன்கூட்டை எதுவும் திருப்பித் தராது.

டீசல் காராக இருந்தால்

டீசலில் அளப்பது பெரும்பாலும் புகையின் அடர்த்தியை. காரை நிறுத்தி வைத்த நிலையிலேயே ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தி என்ஜினை அதன் உச்சச் சுழற்சிக்கு ஏற்றி, இதைப் பலமுறை செய்து சராசரி எடுப்பார்கள். ஆகவே புதிதாக வாங்கிய டீசல் காரை இந்தச் சோதனைக்கு விடும் முன் டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பெல்ட் உள்ள என்ஜினில் சான்று இல்லையென்றால் முதலில் பெல்ட்டை மாற்றுங்கள். பழுத்த பெல்ட் அந்த உச்சச் சுழற்சியில் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி என்ஜினே போய்விடும். ஆயில் அளவையும் கூலன்ட் அளவையும் அதே நாளில் சரிபாருங்கள்.

கறும்புகை வந்தால் ஏர் ஃபில்டர், டர்போ குழாய்களில் விரிசல், திறந்தபடி சிக்கிய இஜிஆர் வால்வு, தேய்ந்த இன்ஜெக்டர் என்ற வரிசையில் தேடுங்கள். கரித்துகள் வடிகட்டியான டிபிஎஃப் உள்ள காரில் எளிய சோதனை ஒன்று உண்டு. குளிர்ந்த சைலென்சர் குழாயின் உட்புறத்தைச் சுண்டுவிரலால் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி நலமாக இருந்தால் விரலில் ஏறக்குறைய ஒன்றும் ஒட்டாது. மை போலக் கறுப்பு ஒட்டினால் வடிகட்டி விரிசல் விட்டிருக்கிறது அல்லது உள்ளே வடிகட்டியே இல்லை. வடிகட்டி இருந்தும் நிறைந்துபோயிருந்தால், அது தன்னுள் சேர்ந்த கரியை 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரித்துக்கொள்ள, இருபது நிமிடத்துக்குக் குறையாத நிலையான நெடுஞ்சாலை ஓட்டம் தேவைப்படும். குறுகிய தூரம் மட்டுமே ஓடிய காருக்கு அந்த வாய்ப்பு கிடைத்திருக்காது.

மறுசோதனைக்குப் போவதற்கு முன்

பழுது சரியாகி, பதிவுகளும் கையில் இருக்கும்போது இப்போது குறியீடுகளை அழிக்கலாம். ஆனால் அழித்த கையோடு சோதனைக்குப் போகக் கூடாது. அழித்ததும் காரின் கம்ப்யூட்டர் கன்வெர்டர், ஆக்சிஜன் சென்சார், ஆவிக் கட்டுப்பாடு முதலியவற்றுக்கான தன் சுயசோதனைகளை எல்லாம் புதிதாகத் தொடங்கும். அவை முடியாத நிலையில் காரைத் திருப்பி அனுப்பும் சோதனை நிலையங்கள் பல உண்டு. இரவு முழுவதும் நின்ற காரைக் காலையில் ஸ்டார்ட் செய்து, இரண்டு மூன்று நிமிடம் ஐடிலிங்கில் விட்டு, நகருக்குள் சிறிது நேரம் நின்று நின்று ஓட்டி, பிறகு 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் பத்து நிமிடம் சீராக ஓட்டி, பாதுகாப்பான இடத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துத் தானாக வேகம் குறைய விடுங்கள். தொட்டியில் பெட்ரோல் கால் பங்குக்கும் முக்கால் பங்குக்கும் இடையே இருக்கட்டும். நிறைந்த தொட்டியிலும் வற்றிய தொட்டியிலும் ஆவிச் சோதனை நடக்காது. இரண்டு மூன்று நாள் இப்படி ஓட்டினால் ஸ்கேனரில் சோதனைகள் ஒவ்வொன்றாக 'முடிந்தது' என்று மாறுவதைப் பார்க்கலாம். தொட்டி மூடியின் ரப்பர் வளையத்தையும் ஒருமுறை பாருங்கள். அது வெடித்திருந்தால் பி0455 என்ற கசிவுக் குறியீடு திரும்ப வந்துவிடும்.

சோதனை நாளன்று வீட்டிலிருந்து நேராகப் போகாமல் இருபது நிமிடமாவது ஓட்டிவிட்டுப் போங்கள். கன்வெர்டர் 250, 300 டிகிரியைத் தொட்ட பிறகே வேலையைத் தொடங்குகிறது. வரிசையில் என்ஜினை அணைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தால் அது மீண்டும் குளிர்ந்துவிடும். முறை வருவதற்கு முன் காத்திருப்பு நீண்டுவிட்டால், அங்குள்ளவரிடம் சொல்லிவிட்டு ஒரு சுற்று ஓட்டி வருவது நல்லது. ஏசி, முகப்பு விளக்கு போன்றவற்றை அணைத்து வையுங்கள்.

தேறிய தாளைப் பெற்றதும் அதன் எண்களைப் பழைய தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வரம்புக்குச் சற்றே கீழே வந்து தேறியிருந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. இன்னும் 500 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஸ்கேனரை மீண்டும் செருகி, காத்திருக்கும் குறியீடு ஏதேனும் சேர்ந்திருக்கிறதா, நீண்ட கால எரிபொருள் திருத்தம் ஐந்துக்குள் நிற்கிறதா என்று பார்த்து, அந்த எண்களையும் தேதியோடு குறித்து, இரண்டு தாள்களுடனும் ரசீதுகளுடனும் காரின் ஆவண உறையிலேயே வைத்துவிடுங்கள்.